எடுத்த ரத்தத்துக்குப் பதில்

அந்த மேடத்தை நான் மன்னிக்கவில்லை. கடைசிப் பத்தியில் மன்னித்துவிடுவேன் என்று யாரும் காத்திருக்க வேண்டாம். அவர் எனக்குச் செய்ததையும், நான் அவருக்குத் திருப்பிச் செய்ததையும் நடந்தபடியே சொல்கிறேன்.

அப்போது நான் மைக்ரோபயாலஜி இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். ஆய்வு அனுபவம் இல்லாவிட்டால் நல்ல இடத்தில் மேற்படிப்புக்கு எடுக்க மாட்டார்கள் என்று சீனியர்கள் பயமுறுத்தியிருந்தார்கள். என் வகுப்பில் பாதிப் பேருக்கு மாமாவோ பெரியப்பாவோ டாக்டர். அவர்களெல்லாம் விடுமுறைக்கு முன்பே ஏதாவது ஒரு மருத்துவமனையில் இடம் பிடித்துவிட்டார்கள். என் அப்பா லோடு வண்டி ஓட்டுகிறவர். நான் மயிலாப்பூரிலும் தி.நகரிலும் ஒவ்வொரு மருத்துவமனையாக ஏறி இறங்கினேன். "தன்னார்வலரா வரலாமா சார்?" என்று கேட்டால் வாசலில் இருக்கும் செக்யூரிட்டி, "யாரு அனுப்பிச்சது?" என்பார். யாரும் அனுப்பவில்லை. திரும்பி நடப்பேன்.

துறை அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பெண்களின் ரத்தசோகை பற்றிய ஆய்வு, கோடை விடுமுறையில் களப்பணி, இளங்கலை மாணவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று போட்டிருந்தார்கள். அலுவலகம் அடையாறில். நேர்காணலுக்குப் போனபோது, ஆய்வை நடத்துகிற மேடம் என் மதிப்பெண்களைப் பார்க்கவே இல்லை.

"வீடு எங்கம்மா?"

"பெரும்பாக்கம் மேடம்."

"அதுக்கு முன்னாடி?"

"சைதாப்பேட்டை. ஆத்தங்கரை."

அவர் முகம் மலர்ந்தது. "அங்கதான் நம்ம ஸ்டடி. ஜனங்க உள்ளேயே விட மாட்டேங்கறாங்க. நீ வா" என்றார். அந்த மலர்ச்சி எனக்கானது என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

எங்கள் வரிசை வீடுகளை இடித்து எங்களை நகருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பியிருந்தாலும், கொஞ்சம் தள்ளியிருந்த தெருக்கள் அப்படியே இருந்தன. அங்கே என்னைச் சின்னப் பிள்ளையிலிருந்து தெரிந்தவர்கள் இருந்தார்கள். என்னோடு களப்பணிக்குச் சேர்ந்தவள் தி.நகர்ப் பெண். மேடத்தின் தோழியுடைய மகள். முதல் நாள் சாக்கடை ஓரம் நடக்கும்போது துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டாள். மறுநாள் வந்தாள். அதற்குப் பிறகு அடையாறு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை என்று உட்கார்ந்துவிட்டாள். கெட்டவள் இல்லை, எனக்கும் சேர்த்து டிபன் கொண்டுவருவாள். அவள் மேல் எனக்குப் பகை கிடையாது.

ரத்தம் கொடுக்க ஒருவரும் சம்மதிக்கவில்லை. கடைசியில் மீன் விற்கிற அக்காவிடம் போனேன். அந்தத் தெருவில் அவர் ஒரு வார்த்தை சொன்னால் மற்ற பெண்கள் கேட்பார்கள். சைதாப்பேட்டை மார்க்கெட்டில் கடை போட்டுவிட்டு வந்து, வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"இன்னா பாப்பா, நம்ம ரத்தத்த எட்த்துக்கினு போய் இன்னா பண்ணப் போறாங்கோ?"

"உடம்புல எவ்ளோ ரத்தம் கீதுன்னு பார்ப்பாங்கக்கா. கம்மியா இருந்தா ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க."

"பார்த்துட்டு நம்மாண்ட சொல்லுவாங்களா? போன தபா வந்தவன் ஒருத்தன் எட்த்துக்கினு பூட்டான். அட்ரஸே இல்ல."

"நான் சொல்றேன்கா. ரிசல்ட்ட நானே கொண்டாந்து உன் கைல குடுக்கறேன்."

அவர் எழுந்து, "இந்தாம்மே, எல்லாரும் வாங்க, நம்ம பொண்ணுதான்" என்று தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். அன்று மாலைக்குள் கேட்டதைவிட அதிகம் பேர் கை நீட்டினார்கள்.

கேள்வித்தாளில் ஒரு கேள்வி: 'இரும்புச்சத்து மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறீர்களா?' எல்லாரும் ஆமாம் என்றார்கள். ஆனால் பல வீடுகளில் பரண்மேல் மாத்திரை அட்டைகள் பிரிக்காமல் கிடந்தன. பேனாவை மூடி வைத்துவிட்டு அவர்களோடு உட்கார்ந்து பேசியபோது விஷயம் வந்தது. மாத்திரை சாப்பிட்டால் மலச்சிக்கல். தெருவுக்கே பொதுக் கழிப்பறை. காலையில் உள்ளே கொஞ்ச நேரம் அதிகமாக உட்கார்ந்தால் வெளியே வரிசையில் நிற்பவர்கள் கதவை உதைப்பார்கள். "அந்த அவமானத்துக்கு ரத்தமே இல்லாம இருந்துட்டுப் போறேன்" என்றாள் ஒருத்தி. எனக்கு அது உடனே புரிந்தது. பத்தாவது வரை அதே வரிசையில் வாளியோடு நின்றவள் நான்.

ஓடிப்போய் மேடத்திடம் சொன்னேன். அவர் போனைக் கீழே வைத்தார். "இன்னொரு தடவை மெதுவா சொல்லு" என்றார். நான் சொல்லச் சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்து தி.நகர்ப் பெண் டைப் செய்தாள். "நல்லா கவனிச்சிருக்கே" என்று மேடம் என் தோளைத் தட்டினார். அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் நான்கு முறையாவது அதைச் சொல்லியிருப்பேன்.

சில மாதம் கழித்து கிண்டியில் ஒரு ஹோட்டலில் கருத்தரங்கு நடந்தது. என்னை வாசலில் மேசை போட்டு உட்காரவைத்து, வருகிறவர்களுக்குத் துணிப்பை கொடுக்கச் சொன்னார்கள். பைகள் தீர்ந்ததும் அரங்கின் பின்வரிசையில் போய் நின்றேன். மேடையில் தி.நகர்ப் பெண். திரையில் கழிப்பறை வரிசையின் படம். நான் என் போனில் எடுத்த படம். அவள் பேசி முடித்ததும் மேடம் மைக்கை வாங்கி, "இந்தப் பெண்களோடு நான் மணிக்கணக்கில் தரையில் உட்கார்ந்து பேசியபோதுதான் இது எனக்குப் புலப்பட்டது" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அந்தத் தெருவுக்குள் அவர் கால் வைத்ததே இல்லை. கைதட்டினார்கள். பக்கத்தில் நின்றவர் தட்டுவதைப் பார்த்து நானும் தட்டினேன். என் கைகள் தட்டியதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

தேநீர் இடைவேளையில் அவரிடம் போனேன்.

"மேடம், அது நான் சொன்னதுதானே?"

"ஆமாம்மா, டீம் ஒர்க். உன் இங்கிலீஷ் இன்னும் கொஞ்சம் வரணும். மேடையில தடுமாறினா உனக்குத்தான் அசிங்கம். உன் நல்லதுக்குத்தான்." கையில் பிஸ்கட்டை வைத்துக்கொண்டே சொன்னார்.

"ரத்தப் பரிசோதனை ரிசல்ட் எப்ப குடுப்பீங்க மேடம்? நான் அவங்களுக்கு வாக்கு குடுத்திருக்கேன்."

"அதெல்லாம் அனாலிசிஸ் முடியட்டும். நீ ஏன் அதெல்லாம் ப்ராமிஸ் பண்ணே?"

அன்றைக்கு மனதுக்குள் ஒன்று உட்கார்ந்துவிட்டது. பஸ்ஸில், வகுப்பில், சாப்பிடும்போது, 'உன் நல்லதுக்குத்தான்' என்ற குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த வாய் பேச்சு வராமல் திணறுவதை நான் பார்க்க வேண்டும், அதுவும் ஆட்கள் முன்னால். வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. அம்மா, "உட்றீ, சர்ட்டிபிகேட்டு குடுத்தாங்க இல்ல" என்றாள். நான் அந்தச் சான்றிதழைச் சூடான குக்கரை இறக்கி வைக்க அடியில் போட்டேன்.

சந்தர்ப்பம் தானாக வந்தது. ஆய்வின் இரண்டாம் கட்டத்துக்கு அதே பெண்களிடம் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். நிதி கொடுக்கும் நிறுவனத்திலிருந்து பார்வையாளர்கள் வருகிறார்கள். மேடம் போன் செய்தார். "நீ கட்டாயம் வரணும்மா. உன்னைப் பார்த்தாதான் அவங்க வருவாங்க."

"எனக்கு எக்ஸாம் மேடம்" என்றேன். பரீட்சை எதுவும் இல்லை.

அன்று சாயங்காலமே மார்க்கெட்டுக்குப் போனேன். மீன்கார அக்கா மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தார். முகம் வெளுத்து ஊதியிருந்தது. இரண்டு முறை மயங்கி விழுந்ததாகப் பக்கத்துக் கடைக்காரர் சொன்னார்.

"இன்னா பாப்பா, ரிசல்ட்டு கொண்டாந்தியா?"

"குடுக்கல அக்கா. கேட்டேன். குடுக்கல. இப்ப மறுபடி ரத்தம் எடுக்க வராங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். மேடை, படம், கைதட்டல், எதையும் விடவில்லை. அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"நம்ம கக்கூஸ் கதைய ஓட்டல்ல குந்திகினு சொன்னாளா?"

"ஆமாக்கா."

"நீ இன்னா பண்ணணும்ன்றே?"

"எல்லாரும் போங்க. போய் உட்காருங்க. ஆனா கைய நீட்டாதீங்க."

அக்கா சிரித்தார். சிரிக்கும்போதே மூச்சு வாங்கியது. "அவ்ளோதானே? நீ போ. நான் பாத்துக்கறேன்."

குறித்த நாளில் நான் ரத்தம் எடுக்கும் சமுதாயக் கூடத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். வாசல் தெரிந்தது. பெண்கள் திருவிழாவுக்குப் போவதுபோல் உள்ளே போனார்கள். கொஞ்ச நேரத்தில் சத்தம் கேட்டது. பிறகு என் போன் அடித்தது. மேடம். எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன். வாழ்க்கையில் அதற்கு முன்போ பின்போ அவ்வளவு ருசியான டீயை நான் குடித்ததில்லை. போன் அடிக்க அடிக்க எனக்குள் ஏதோ குளிர்ந்துகொண்டே வந்தது.

எழுந்து உள்ளே போனேன். நாற்காலிகளில் பெண்கள் கைகளை முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தார்கள். பார்வையாளர்கள் இருவர் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள். மேடத்தின் நெற்றி வியர்த்திருந்தது.

"முதல்ல எட்த்த ரத்தம் இன்னா ஆச்சு, அத்தச் சொல்லு" என்றார் அக்கா.

மேடம் என் கையைப் பிடித்தார். "நல்லவேளை வந்தே. இவங்ககிட்ட நீதான் பேசணும்."

"என் இங்கிலீஷ் சரியா வராது மேடம்."

"தமிழ்ல பேசும்மா!"

"தமிழ்லயும் நான் ஏற்கெனவே பேசிட்டேன். ரிசல்ட் தரேன்னு. நீங்க குடுங்க, அவங்க கை நீட்டுவாங்க."

பார்வையாளர்களில் ஒரு பெண் தமிழ் தெரிந்தவர். முடிவுகளை இன்னுமா கொடுக்கவில்லை என்று கேட்டார். மேடம் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். அதைத்தான் நான் பார்க்க விரும்பினேன். வைத்த கண் வாங்காமல் பார்த்தேன். பிறகு கழிப்பறை விஷயத்தைக் கண்டுபிடித்தது யார் என்று அவர்கள் முன்னால் சொல்லச் சொன்னேன். என்னைக் காட்டி, இவள்தான் என்று சொன்னார். குரல் கம்மிப்போயிருந்தது.

அத்தோடு என் கணக்கு தீர்ந்தது என்று நினைத்தேன். மறுநாள் ரிசல்ட்டுகளை அனுப்பினார்கள். பன்னிரண்டு இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் அக்காவுக்கு ஐந்துக்கும் கீழே. அது முதல் தடவை எடுத்த ரத்தம். அரை வருடமாக அந்த எண் அடையாறில் ஒரு கம்ப்யூட்டரில் இருந்திருக்கிறது. அந்த உடம்போடு அக்கா தலையில் கூடை சுமந்துகொண்டிருந்தார்.

ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். பார்த்ததும் படுக்கவைத்து ரத்தம் ஏற்றினார்கள். "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா இதயம் தாங்கியிருக்காது" என்று இளம் டாக்டர் என்னைத் திட்டினார். நான் மகள் என்று நினைத்துவிட்டார். அக்காவுக்குள் சொட்டுச் சொட்டாக ரத்தம் இறங்குவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அதுவரை எனக்கு இருந்தது என் அவமானம் மட்டும்தான். இப்போது வந்த கோபம் வேறு மாதிரி. அது கொதிக்கவில்லை, நிதானமாக இருந்தது.

ஒவ்வொரு ஆய்வையும் கண்காணிக்க நெறிமுறைக் குழு ஒன்று இருக்கும், பங்கேற்றவர்கள் அங்கே முறையிடலாம் என்று களப்பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித் தந்தவரே மேடம்தான். அக்கா தேறி வந்ததும் அவரையும் தெருப் பெண்களையும் கூட்டிக்கொண்டு அந்தக் குழுவின் முன்னால் போய் உட்கார்ந்தேன். மேடம் எதிரே உட்கார்ந்திருந்தார். அக்கா பேசினார். நான் பக்கத்தில் இருந்து ஆங்கிலத்தில் சொன்னேன். தடுமாறினேன். தடுமாறியபடியே முழுவதையும் சொன்னேன்.

ஆய்வை நிறுத்தினார்கள். மேடம் சில வருடங்களுக்குக் களஆய்வு எதையும் நடத்தக் கூடாது என்று முடிவானது. நிதியும் போயிற்று. எனக்கும் அடி விழுந்தது. துறைத் தலைவர் கூப்பிட்டு, "உனக்கு இனிமே யாரு பரிந்துரைக் கடிதம் குடுப்பா?" என்று கேட்டார். யாரும் கொடுக்கவில்லை. அந்த வருடம் மேற்படிப்புக்கு எங்கும் இடம் கிடைக்கவில்லை. பெருங்குடியில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தக் குழாய்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் வேலைக்குப் போனேன். அடுத்த வருடம்தான் பொதுச் சுகாதாரம் படிக்க இடம் கிடைத்தது. அந்த ஒரு வருடத்தையும் மேடத்தின் கடன் கணக்கில்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

பல வருடம் கழித்து, போன மாதம் மயிலாப்பூரில் ஒரு கூட்டத்தில் அவரைப் பார்த்தேன். இப்போது என் வேலை களஆய்வுக்கு மாணவர்களைப் பயிற்றுவிப்பது. மேடத்துக்கு முடி முழுக்க நரைத்திருந்தது. சுற்றிலும் பெரிய மனிதர்கள். என்னைக் கண்டதும் கை நீட்டிக்கொண்டு வந்தார். எதுவுமே நடக்காததுபோல் சிரித்து, "இவ என் ஸ்டூடன்ட். நான்தான் இவளை ரிசர்ச்சுக்குக் கொண்டுவந்தேன்" என்று அவர்களிடம் சொன்னார்.

"இல்ல சார்" என்றேன், பக்கத்தில் நின்றவரைப் பார்த்து. "இவங்க ஆய்வை நிறுத்தவெச்சது நான்தான். ஏன்னு அவங்களையே கேளுங்க."

சிரிப்பு அப்படியே அவர் முகத்தில் நின்றுவிட்டது. நான் சாப்பாட்டு வரிசைக்குப் போய், தட்டை எடுத்து, நன்றாகச் சாப்பிட்டேன்.