அதிபர் குடித்த கடல்

சுனாமி எங்கள் பாடசாலை ஆய்வுகூடத்தை வழித்துக்கொண்டு போன பிறகு, நுணுக்குக்காட்டிகள், அதாவது மைக்ரோஸ்கோப்புகள், வாங்கித் தர ஒரு தொண்டு நிறுவனம் முன்வந்தது. கொழும்பில் ஒரு கடையைச் சொல்லி, பிடித்ததைத் தெரிவு செய்யச் சொன்னார்கள். பாடசாலைத் தலைமையாசிரியரான அதிபரும், அங்கே உயிரியல் படிப்பித்த நானும் புறப்பட்டோம்.

கடைக்காரர்கள் வெங்காயத் தோலைத்தான் வைத்துக் காட்டுவார்கள். எந்தக் கருவியிலும் அது அழகாகத்தான் தெரியும். அதனால் எங்கள் கல்முனைக் கடலில் மெல்லிய துணிப்பையை இழுத்து, அதில் சிக்கிய சின்னஞ்சிறு உயிர்களோடு தண்ணீரை ஒரு போத்தலில் அடைத்து எடுத்துக்கொண்டேன்.

யுத்தம் முடியாத காலம். சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். சிப்பாய் ஒருவர் போத்தலைத் தூக்கிப் பார்த்தார்.

"இது என்ன?"

"கடல் தண்ணி. கொழும்புக்குக் கொண்டு போறம்."

"கொழும்புல கடல் இல்லையா?"

நியாயமான கேள்வி. நான் விளக்கப் போனதுதான் பிழை. 'பரிசோதனை' என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் இறுகியது. "குடி" என்றார்.

அதிபர் முந்திக்கொண்டார். "கொண்டாங்க தம்பி, பஸ் உட்டுட்டுப் போயிரும்." மடக்கென்று ஒரு வாய் விழுங்கினார். அவர் முகம் போன போக்கைப் பார்த்துச் சிப்பாயே சிரித்துவிட்டார்.

கடையில், படம் காட்டும் திரை பூட்டிய பெரிய கருவி ஒன்றில் அதிபர் மயங்கி நின்றார். "இத எடுப்பம் தம்பி."

"கரண்ட் போனா என்ன செய்யிற சேர்?"

அடியில் கண்ணாடி வைத்த சாதாரணக் கருவி ஒன்றை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, போத்தல் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கக் கொடுத்தேன். அதிபர் குனிந்தார். நிமிரவே இல்லை.

"தம்பி, ஒத்தக் கண்ணோட ஒண்டு மீசைய ஆட்டி ஆட்டி ஓடுது."

"ஓம் சேர்."

"நான் குடிச்சதுலயும் இது இரிந்திச்சா?"

"கூட்டமா இரிந்திருக்கும்."

"யா அல்லாஹ்!"

"கடல் சாமான் ஹலால்தானே சேர்."

முறைத்துவிட்டு மறுபடியும் குனிந்தார். திரையை மறந்தே போனார். ஒவ்வொரு பிள்ளையும் தன் கண்ணாலேயே பார்க்க வேண்டும் என்று அவரே சொல்ல, சாதாரணக் கருவிகளையே நிறைய எடுத்தோம்.

பாடசாலைக்குப் பின்னால்தான் கடல். ஆனால் அந்த அலைக்குப் பிறகு பிள்ளைகள் அந்தப் பக்கம் போவதில்லை. நான்தான் தண்ணீர் அள்ளி வந்தேன். ஒருநாள், வீட்டை அலைக்குக் கொடுத்த மாணவி ஒருத்தி சின்னப் போத்தலோடு வந்தாள்.

"சேர், இது நான் அள்ளின தண்ணி. எனக்குத்தான் முதல்ல பார்க்கத் தரணும்."

நெடுநேரம் பார்த்தாள். மணல்தான் தெரிந்தது.

"ஒண்டும் ஓடல்லயே!" என்று கோபத்தோடு எழும்பி, திரும்பவும் கடலுக்கு நடந்தாள். வகுப்பில் பாதிப் பேர் அவள் பின்னால் போனார்கள்.