முதல் பக்கத்தில் அம்மா

டெல்வீனாவின் அம்மா பெயரை இந்தக் கதையில் நான் எங்கும் எழுதப்போவதில்லை. நாங்கள் பாலைவனத்து ஆதிக்குடிகள். எங்கள் ரெட் டேங்க் ஊரில் இறந்தவர் பெயரை வாய்விட்டுச் சொல்கிற வழக்கம் கிடையாது, படத்தைப் பார்க்கிற வழக்கமும் கிடையாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போகிறவள் திரும்பிப் பார்ப்பாள், வழியிலேயே நின்றுவிடுவாள். அவளும் போய்ச் சேரமாட்டாள், இருக்கிறவர்களும் தேறமாட்டார்கள்.

அந்தப் பெயரை உலகத்துக்கே கேட்கும்படி கூவியவள் டெல்வீனாதான். அதற்குச் சம்பளமும் வாங்கினாள்.

ரெட் டேங்க்கிலிருந்து ஆலிஸ் நகரத்துக்குப் போக மண்சாலையில் அரை நாள் பிடிக்கும். மழை பெய்தால் அந்தச் சாலையும் இல்லை. படம் வாங்குகிறவன் எவனும் அவ்வளவு தூரம் முதுகு உடைய வரமாட்டான் என்பதால், எங்கள் பெண்கள் படம் வரைந்து விற்கிற ஓவியக்கூடத்துக்கு இணையதளம்தான் வாசல். டெல்வீனா முதலில் அங்கே தூரிகை கழுவிக்கொண்டும், விற்ற ஓவியத்துணிகளைச் சுருட்டிக் குழாயில் போட்டுக்கொண்டும் இருந்தாள். ஒரு காரியத்தைப் பிடித்தால் விடாத பிடிவாதக்காரி என்று கண்டு, கூடத்தை நடத்தும் ஹிலரி அவளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தாள். ஹிலரி வெள்ளைக்காரி; எங்களோடு நெடுங்காலம் இருந்து, சத்தமாகப் பேசுவதைக்கூட விட்டுவிட்டவள்.

ஆலிஸில் நடந்த பயிற்சிக்கு டெல்வீனாவை அனுப்பினார்கள். மெல்போர்னிலிருந்து வந்த ஒல்லியான ஆள் ஒருவன் சொல்லிக்கொடுத்தான். "நீங்க என்ன சொல்ல ஆசைப்படறீங்கங்கிறதைத் தூக்கிப் போடுங்க. ஜனங்க தேடுபொறியில என்ன அடிக்கிறாங்க? அதைப் பிடிங்க, போதும்" என்றான்.

அவள் பிடித்துப் பார்த்தாள். 'பாலைவன ஓவியம்' என்று அடித்தால் ஆயிரம் கடைகள் முன்னால் நின்றன. 'ரெட் டேங்க்' என்று அடித்தால் பிளாஸ்டிக் தண்ணீர்த்தொட்டி விற்கிறவர்கள் வந்தார்கள். அப்போது உயிரோடு இருந்த அம்மாவின் பெயரை அடித்தபோதுதான் வழி தெரிந்தது. அம்மா வரைந்த பெரிய படம் ஒன்று சிட்னியில் ஒரு காட்சிக்கூடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பார்த்தவர்கள் வீட்டுக்குப் போய் அந்தப் பெயரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். தேடியவர்களுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை.

டெல்வீனா ஊருக்கு வந்து தளத்தின் முகவரியையே அம்மாவின் பெயருக்கு மாற்றினாள். தலைப்பில் அந்தப் பெயர், ஒவ்வொரு படத்தின் குறிப்பிலும் அந்தப் பெயர். மற்றப் பெண்கள் வரைந்த படங்களுக்குக்கூட 'இன்னாருடைய அக்கா வரைந்தது', 'இன்னாருடைய மருமகள் வரைந்தது' என்று எழுதினாள். முகப்பில் அம்மா வாய்கொள்ளாமல் சிரிக்கிற படம். பிறகு காட்சிக்கூடங்கள், பத்திரிகைகள், பயணக்கட்டுரை எழுதுகிறவர்கள் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதி, உங்கள் பக்கத்தில் எங்களுக்கு ஒரு லிங்க் கொடுங்கள் என்று கேட்டாள். பதில் வராவிட்டால் மறுபடி கேட்டாள். அடுத்த குளிர்காலம் வருவதற்குள், தேடினால் முதல் பக்கம், முதல் வரி.

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. தூரிகையைக் காதில் சொருகிக்கொண்டு வந்து கேட்பாள். "இன்னிக்கு நான் எத்தனாவது?"

"முதல் ஆள் அம்மா."

"கடையில கங்காரு வால் வாங்கப் போனா எப்பவும் கடைசி ஆளா நிக்கிறேன். இங்கயாவது முன்னால நிக்கிறேனே!"

வாரன் மாமாவுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. அவர் அம்மாவின் தம்பி, அதிகம் பேசாதவர். ஒரு நாள் கூடத்து வாசலில் உட்கார்ந்து புகையிலை மென்றுகொண்டே சொன்னார். "நம்ம ஆளுங்க பேரு என்னிக்காவது ஒரு நாள் மூடவேண்டிய பேருடி, பிள்ளை. கதவு ஒண்ணு ரெண்டுன்னா மூடிடலாம். நீ இத்தனை கதவைத் திறந்து வைக்கிறியே?"

டெல்வீனா வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "டேய் வாரன், என்னை இப்பவே குழிக்குள்ள தள்ளாதே. எனக்கு இன்னும் டீயே வரல."

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். ஒரு ரேடியோ நிலையத்தின் இணையப்பக்கத்துக்காக ஹோபார்ட்டிலிருந்து வந்திருந்த ஒருவர் அந்தச் சிரிப்பை வீடியோ எடுத்துக்கொண்டு போனார்.

அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டது. எங்கள் பக்கத்தில் அது புது வியாதியில்லை. வாரத்துக்கு மூன்று தரம் இயந்திரத்தில் ரத்தம் கழுவ வேண்டும் என்று அம்மாவை ஆலிஸில் கொண்டுபோய் வைத்தார்கள். ஊரைவிட்டு, மண்ணைவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். அங்கேயே போய்விட்டாள். அவளைப் போல ஆலிஸில் சாகப் போனவர்களை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. அதை எழுத ஆரம்பித்தால் இந்தக் கதை முடியாது.

செய்தி வந்த அன்றே எல்லாம் வழக்கப்படி நடந்தது. வீட்டைக் காலி செய்து, இலைப்புகை போட்டு, பூட்டினார்கள். குடும்பம் முழுக்க ஊருக்கு மேற்கே துக்க முகாமில் போர்வை விரித்துத் தரையில் உட்கார்ந்தது. ஓவியக்கூடத்துச் சுவரிலிருந்த படங்கள் இறங்கின. கடையில் வேலை செய்த பெண்ணுக்கும் அம்மாவின் பெயரே. அவளை அன்றிலிருந்து எல்லோரும் 'பெயரில்லாதவள்' என்று கூப்பிட்டார்கள். டெல்வீனா முகாமிலிருந்தே ஹிலரிக்குச் சொல்லியனுப்பித் தளத்தை மூடவைத்தாள். அவ்வளவுதான் வேலை என்று நினைத்தாள், பாவம்.

நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, அவளுடைய அண்ணன்முறை ஜெரோம் கால்பந்துப் போட்டி தள்ளிப்போய்விட்டதா என்று பார்க்கப் போனில் 'ரெட் டேங்க்' என்று அடித்தான். அம்மா வந்தாள். போன் முழுக்கச் சிரிப்பு. சிட்னிக் காட்சிக்கூடத்தின் பக்கம் அது. ஜெரோம் சுட்டுக்கொண்டவனைப்போலப் போனை மண்ணில் போட்டான். அது மல்லாந்து விழுந்தது. பக்கத்தில் படுத்திருந்த நோலீன் பெரியம்மா, அம்மாவுடன் பிறந்த அக்கா, அதைப் பார்த்துவிட்டாள்.

அவள் அலறிய அலறலை எழுத்தில் கொண்டுவர முடியாது. முகாமே எழுந்து அழுதது. அழுகை அடங்கியபின் எல்லோர் கண்ணும் டெல்வீனாமேல் வந்து நின்றது. ஒருவரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வாரன் மாமாதான் கடைசியில் பேசினார். "மூடு பிள்ளை. எங்கெங்க இருக்கோ எல்லாத்தையும் மூடு. அவ போகணும்."

லிங்க் கொடுங்கள் என்று யார் யாரைக் கெஞ்சினாளோ, அவர்களையெல்லாம் இப்போது எடுத்துவிடுங்கள் என்று கெஞ்ச வேண்டியிருந்தது. பெயரைச் சொல்லாமல் எப்படிக் கேட்பது? 'என் அம்மாவைப் பற்றிய உங்கள் பக்கம்' என்று எழுதினாள். சிலர் அன்றே எடுத்தார்கள். அடிலெய்டுப் பெண் ஒருத்தி எடுத்துவிட்டு, தானும் அழுததாக எழுதினாள். ஒரு பத்திரிகையிலிருந்து, உங்கள் கருத்துக்கு நன்றி என்று இயந்திரம் பதில் போட்டது. சிட்னிக்காரர், இது அம்மையாருக்கு நாங்கள் செய்யும் மரியாதை என்று நீளமாக விளக்கம் எழுதினார். செத்தவளுக்கு என்ன மரியாதை என்று மகளுக்கே பாடம்! மூன்றாவது கடிதத்துக்குப் பிறகுதான் அவருக்கு உறைத்தது.

இதைவிடக் கொடுமை வேறொன்று இருந்தது. எது போயிற்று, எது மிச்சம் என்று தெரிய வேண்டுமானால் அந்தப் பெயரை அடித்துத் தேட வேண்டும். ஊரே உதட்டைக் கடித்துக்கொண்டிருக்க, பெற்ற மகள் தினமும் காலையில் அதை எழுத்தெழுத்தாக அடிக்க வேண்டும்.

"நான் பார்க்கிறேன் டெல்வீனா. எனக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லையே" என்றாள் ஹிலரி.

"வெள்ளைக்காரியே செய்யட்டும், உனக்கு வேண்டாம்" என்றார் மாமா.

"நான் திறந்தது. நான்தான் மூடணும்" என்று டெல்வீனா ஒரே பிடியாக நின்றுவிட்டாள். தண்டனையை ஏற்றுக்கொள்கிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். மாமாகூட அவள் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

முதல் வாரங்களில் திரையின் மேல்பாதியைக் கையால் மறைத்துக்கொண்டுதான் பார்த்தாள். விரலிடுக்கில் அம்மாவின் கன்னம் தெரிந்தது, காதுக்குப் பின்னால் நரைமுடி தெரிந்தது. பிறகு கையைக் கொஞ்சம் கீழே இறக்கினாள். பிறகு மறைக்கக் கையே போகவில்லை. ஹிலரி வருவதற்கு முன்னால் வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, பெயரை அடித்து, வருகிற முகத்தை முகத்துக்கு நேராகப் பார்த்தாள். ஊரில் அம்மா முகத்தைப் பார்க்கிற ஒரே ஆள் தான்தான் என்பது அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, வேண்டியும் இருந்தது.

ஆனாலும் வேலையைச் சரியாகத்தான் செய்தாள். அம்மா முதல் பக்கத்திலிருந்து இரண்டாவதுக்குப் போனாள், அங்கிருந்து நாலாவதுக்கு. கூடத்துக்குப் புது முகவரியில் ஒரு தளம் போட்டார்கள். அதைத் தேடி யாரும் வரவில்லை. மற்றப் பெண்களின் படங்கள் அலமாரியில் குவிந்தன. அவர்கள் அதைப்பற்றி ஒரு நாளும் அவளிடம் முகம் சுளித்ததில்லை.

கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. ஹோபார்ட்காரர் அன்று எடுத்த வீடியோ. அதில் அம்மா நகர்வாள், தம்பியை வம்புக்கு இழுப்பாள், சிரிப்பாள். அவரிடமிருந்து பதிலும் வந்திருந்தது. 'வருத்தமாக இருக்கிறது. உங்கள் குடும்பத்துக்குப் பிரதி வேண்டுமா என்று தெரியாததால் காத்திருக்கிறேன். எடுத்துவிடு என்று ஒரு வரி போடுங்கள், அன்றே எடுத்துவிடுகிறேன்.'

டெல்வீனா அந்த ஒரு வரியைப் போடவில்லை. இன்றைக்குப் போடலாம், நாளைக்குப் போடலாம் என்று மாதம் ஒன்று ஓடிவிட்டது. யாராவது கேட்டால், "ஒருத்தர் இழுத்தடிக்கிறார்" என்றாள். அதுவும் பொய்யில்லை, யார் என்றுதான் சொல்லவில்லை.

ஒரு காலை நோலீன் பெரியம்மா சாத்திய கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, மறுபடி சாத்தினாள். டெல்வீனா சட்டென்று திரையை அணைத்தாள். பெரியம்மா அதைக் கவனிக்காதவள்போலத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"தூக்கமே இல்லடி எனக்கு. கண்ணை மூடினா அவ வர்றா. போர்வையெல்லாம் சுருட்டிக் கட்டிவச்சுக்கிட்டு, சாலையோரத்துல உக்காந்திருக்கா. 'ஏண்டி போகல?'ன்னு கேக்கறேன். 'விடிஞ்சா யாரோ கூப்பிடுறாங்கக்கா, எப்படிப் போறது'ங்கறா."

டெல்வீனா நாற்காலியைப் பெரியம்மா பக்கம் திருப்பிக்கொண்டாள். பெரியம்மா காத்திருந்தாள்.

"நான்தான் பெரியம்மா" என்றாள் டெல்வீனா. "நான்தான் கூப்பிடுறேன். ஒண்ணு மிச்சம் இருக்கு. அவர் எடுத்துடறேன்னுட்டார், நான்தான் விடல. அதுல பேசுறா பெரியம்மா. அதுவும் போயிட்டா நான் எங்க போய்ப் பார்ப்பேன்?"

திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டாள். பெரியம்மா அவள் கையைப் பிடித்துத் தரைக்கு இழுத்துத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"உனக்கு மட்டுமாடி? அன்னிக்கு அந்தப் போன்ல பார்த்தேனே... அலறினேனே ஒழிய, கண்ணை எடுக்க முடியல என்னால. இன்னொரு தரம் காட்டுடான்னு கேட்க வாய் வரைக்கும் வந்துச்சு. அக்காடி நான். அவ பிறந்தப்ப நான்தான் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சேன்."

இரண்டு பேரும் சத்தமில்லாமல் அழுதார்கள். வெளியே யாரோ நாயை விரட்டினார்கள். ஹிலரி வந்து, சாத்திய கதவைப் பார்த்துவிட்டு, அப்படியே திரும்பிப் போனாள்.

"மூடிடு கண்ணு. நான் பக்கத்துலயே இருக்கேன்" என்றாள் பெரியம்மா.

டெல்வீனா எழுந்து, 'எடுத்துவிடுங்கள். பிரதி வேண்டாம்' என்று எழுதி அனுப்பினாள். 'பிரதி வேண்டாம்' என்பதை அடிக்கத்தான் நேரமானது. இந்தத் தடவை சரிபார்க்கும் வேலையை ஹிலரியிடம் கொடுத்துவிட்டாள். இரண்டு நாள் கழித்து ஹிலரி வந்து, "இல்லை டெல்வீனா. எங்கேயும் இல்லை" என்று மெல்லச் சொன்னாள்.

அதற்கடுத்த வாரம் நோலீன் பெரியம்மாவின் புதுப் படத்தைத் தளத்தில் ஏற்ற உட்கார்ந்தாள். பெரியம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு, தன் படம் பெட்டிக்குள் போவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இதேபோன்ற படங்கள் என்ன விலைக்குப் போகின்றன என்று பார்க்க டெல்வீனா தேடும் கட்டத்தில் முதல் எழுத்தை அடித்தாள்.

ஓர் எழுத்துதான் அடித்தாள். மீதியைக் கம்ப்யூட்டர் தானாகவே எழுதிக் காட்டியது. இத்தனை மாதம் விடிந்ததும் அவள் அடித்த பெயர் அதற்கு மனப்பாடமாகிவிட்டிருந்தது. அம்மாவின் பெயர், முழுசாக, ஒரு எழுத்துக் குறையாமல் அவள் விரலுக்குக் கீழே வந்து நின்றது.

"என்னடி ஆச்சு? ஏன் நிறுத்திட்டே?" என்றாள் பெரியம்மா.

"ஒண்ணுமில்ல பெரியம்மா. இதுல ஒண்ணு அழிக்க வேண்டியிருக்கு."

மனசுக்குள் ஒரே ஒரு தரம் அதைப் படித்துக்கொண்டாள். பிறகு அழித்தாள். சரியாக அழிந்ததா என்று பார்க்க மறுபடியும் அந்த முதல் எழுத்தை அடித்தாள். பக்கத்தில் வேறு எதுவும் வரவில்லை.