மண் மூடிய பாறைக்குழி

திருப்பூரை ஒட்டி, கல் வெட்டியெடுத்துக் கைவிட்ட பழைய பாறைக்குழிக்கு மேல் ட்ரோன் சுற்றுகிறது. கொட்டிய குப்பையும் பனியன் வெட்டுத்துணியும் மக்கி வெளிவிடும் மீத்தேன் வாயுவை ஒரு பொறியாளரும் அவர் குழுவும் அளக்கிறார்கள். அளவு அதிகமிருந்தால் இங்கே கொட்டுவது நிற்கும் என்று குழியை அடுத்த வீட்டுப் பழனியம்மாள் நம்புகிறார். இன்று கலங்கியிருக்கிறார்.

"நீங்க வர்றீங்கன்னு நேத்துத்தானுங்க குப்ப கொட்டறவங்க மண்ணப் போட்டு மூடுனாங்க. இனி அதுல என்னத்தக் காட்டும்?"

பொறியாளர் தரையில் ஊன்றிய உணர்கருவியின் திரையைத் திருப்பிக் காட்டுகிறார். மண்ணின் வெடிப்புகள் வழியே வாயு கசிகிறது.

"சாஸ்திங்களா?"

"ரொம்ப சாஸ்திங்கம்மா."

பழனியம்மாள் முகம் தெளிகிறது. முந்தானையால் மூக்கைப் பொத்தியபடியே சொல்கிறார்: "நல்லதுங்க கண்ணு. ஒண்ணுங் கொறைக்காம அப்படியே எழுதிக்குங்க."