அந்தச் சுவருக்கு நீலம் அடித்தவன்

தனபால் அண்ணன் இன்று விடியற்காலையில் போய்விட்டார். கீழ்பென்னாத்தூரில், அவர் வீட்டில்... தூக்கத்திலேயே.

சுவர் ஓவியர். திருவண்ணாமலையில் பல வருடம் நானும் அவரும் ஒரே சாரத்தில் நின்று வேலை பார்த்தோம். இப்போது நான் பஸ் ஸ்டாண்ட் பக்கம் பிளெக்ஸ் கடை வைத்திருக்கிறேன்.

காலையிலிருந்து பேஸ்புக்கில் ஒரே கண்ணீர். அவரை ரோட்டில் பார்த்தால் வராத போனைக் காதில் வைத்துக்கொண்டு நழுவியவர்கள் எல்லாம் "ஆழ்ந்த இரங்கல்" போட்டிருக்கிறார்கள்.

அதில் நம்பர் ஒன், வேங்கிக்கால் தாண்டி பிரைவேட் ஸ்கூல் நடத்தும் கரஸ்பாண்டென்ட். "எங்கள் பள்ளியின் பெருமைமிகு விண்வெளி ஓவியர்" என்று எழுதி, கீழே அவர் ஸ்கூல் சுவரின் போட்டோ.

நிலா. அதன் மேல் பளபளவென்று நீல வானம், நாலு நட்சத்திரம், காற்றில் படபடக்கும் கொடி. லேண்டருக்குப் பக்கத்தில் விண்வெளி டிரஸ்ஸில் கரஸ்பாண்டென்டே நிற்கிறார்... ஹெல்மெட் இல்லாமல். போட்டால் முகம் தெரியாதாம்.

இதைத்தான் காலையிலிருந்து ஷேர் செய்துகொண்டிருக்கிறீர்கள். நிலாவில் ஒரு ஆள் மீசையோடு நின்று மூச்சு விடுகிறான், ஒருத்தருக்கும் உறுத்தவில்லை.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி கூட்டம் கூட்டமாகக் கிரிவலம் சுற்றும் ஊர் இது. நிலாவை யார் நிமிர்ந்து பார்க்கிறான்? செல்ஃபியில் விழுந்ததா என்றுதான் பார்க்கிறான்.

தனபால் அண்ணன் பார்த்தார். லைப்ரரியில் தேடித் தேடிப் படித்துவிட்டு வந்து பார்த்தார்.

சாரத்தில் ஏறும்போது கலர் பென்சிலை நூலில் கட்டி மணிக்கட்டில் மாட்டிக்கொள்வார். ஆபீஸ்களில் பேனாவைக் கட்டி வைத்திருப்பார்களே, அப்படி. "எவனாச்சும் திருடிடுவான்னு பயமாண்ணே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அட இல்லப்பா. ராக்கெட்ட விட்டு வெளிய வந்து மொத மொதல்ல மெதந்தாரே ஒரு ரஷ்யாக்காரரு... அவரு கலர் பென்சில் எடுத்துகினு போயிருந்தாரு. பறந்துடப் போவுதுன்னு நூல்ல கட்டிகினு, மேலயே சூரியன் வர்றத வரைஞ்சாரு. உசுரோட திரும்புவமான்னு தெரியாத எடத்துல படம் போட்டிருக்காரு பாரு!"

இன்னொன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். மனிதன் போவதற்கு முன்னால் ஓவியர்கள் நிலாவின் மலைகளை ஈட்டி மாதிரி கூர் கூராக வரைந்தார்களாம். போய்ப் பார்த்தால் எல்லாம் மழமழவென்று மொட்டை.

"தெரியாம போட்டாங்க, அது தப்பில்ல. தெரிஞ்சப்புறமும் போட்டாதாம்பா தப்பு."

நம் லேண்டர் நிலாவில் இறங்கிய பிறகு இந்த ஸ்கூல் சுவர் வேலை வந்தது. பாதி நாள் அவருக்குச் சாம்பல் கலர் கலக்குவதிலேயே போனது.

வானம் கன்னங்கரேலென்று இருந்தது. நட்சத்திரம் ஒன்றுகூட இல்லை, அவ்வளவு வெயில் அடிக்கிற தரையை எடுக்கும்போது போட்டோவில் நட்சத்திரம் விழாது என்றார். மேலே ஓரத்தில் சின்னதாக நம் பூமி... அந்தச் சுவரிலேயே நீலம் என்றால் அது ஒன்றுதான்.

கரஸ்பாண்டென்ட் காரைவிட்டு இறங்கினார். "என்னங்க தனபால், கரி பூசி வெச்சிருக்கீங்க? விஐபி எல்லாம் வராங்க. நல்ல காரியத்துக்குக் கருப்பு ஆவாது, நீலமா அடிங்க."

"அங்க காத்தே கெடையாதுங்க. காத்து இல்லாத எடத்துல வானம் எப்படிங்க நீலமா இருக்கும்?"

"நிலாவுல இருந்து எவன்யா வந்து கேக்கப் போறான்?"

அண்ணன் பிரஷ்ஷைக் கழுவினார், சட்டையை மாட்டினார், கிளம்பிவிட்டார்.

மறுநாள் அந்தச் சுவருக்கு நீலம் அடித்தவன் நான்.

நான் இல்லாவிட்டால் வேறு எவனாவது அடித்திருப்பான்... இதை இத்தனை நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். கொடி, நட்சத்திரம், மீசை எல்லாம் என் கைங்கரியம்தான். முதலில் மூடியது பூமியை. அதைப் பார்த்துக்கொண்டு வேலை செய்ய முடியவில்லை.

எனவே இரங்கல் கோஷ்டிக்கு ஒரு விஷயம். நீங்கள் ஷேர் செய்யும் அந்தக் கேவலம் தனபால் அண்ணன் வரைந்தது இல்லை, அவர் தலையில் கட்டாதீர்கள்.

நான் நீலம் அடித்து ஒரு வாரம் கழித்து, டீக்கடையில் அண்ணன் எதிரே வந்து உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

"அடியில பிரைமர் அடிச்சியாப்பா? கருப்பு மேல நேரா நீலம் அடிச்சா நிக்காது, என்னிக்காச்சும் உரிஞ்சிகினு உள்ள இருக்கறது தெரிஞ்சிடும்."

"அடிச்சேண்ணே."

"சரி" என்றார். டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு என்னை எந்த வேலைக்கும் கூப்பிடவில்லை.

இன்று காலை பத்து மணிக்கு அதே கரஸ்பாண்டென்ட் எனக்குப் போன் செய்தார். சாயந்திரம் உடலை எடுக்கிறார்கள், அதற்குள் அண்ணனுக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் வேண்டுமாம். அண்ணன் போட்டோவைவிட அவர் போட்டோ பெரிதாக இருக்க வேண்டுமாம்.

நான் அவர் போட்டோவே வைக்கவில்லை. கருப்பு வானம், சாம்பல் தரை, நட்சத்திரம் கிடையாது, மேலே ஓரத்தில் சின்னதாகப் பூமி. நடுவில் அண்ணன். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, கத்தட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

"சூப்பர்ங்க! சாவுக்குக் கருப்புதாங்க கரெக்ட்டு. என் போட்டோவ மட்டும் சேத்துடுங்க. அப்புறம் மேல ஓரத்துல நீலமா ஏதோ புள்ளி விழுந்திருக்குது பாருங்க, அத எடுத்துடுங்க."

எடுக்கவில்லை. அவரையும் சேர்க்கவில்லை. அப்படியே பிரிண்ட் போட்டுச் சுருட்டி வைத்திருக்கிறேன், இப்போது கீழ்பென்னாத்தூருக்குக் கிளம்புகிறேன்.

போய்ட்டு வாங்கண்ணே...

அன்னிக்கு நான் பிரைமர் அடிக்கலண்ணே.