நான் திறந்த கண்கள்

உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்டக் கண்ணாடி இன்னும் என்னிடம் இருக்கிறது. கோவில்பட்டி ஸ்டூடியோவில் வேலை பார்த்த நாளில் அதைப் பார்த்துத்தான் செத்தவர்களுக்குக் கண் வரைவேன்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கலர் வந்த பிறகும் இழவு வீட்டுப் படம் மட்டும் கறுப்பு வெள்ளையில்தான் கேட்பார்கள். முதலாளி அண்ணாச்சி போய், நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்த உடலைப் படமெடுத்து வருவார். இருட்டறையில் பிலிமைக் கழுவி, பிரிண்ட் போட்டு, என் மேசையில் வைப்பார். மூடிய இமைகளின் மேல் மெல்லிய பிரஷால் திறந்த கண்களை நான் வரைய வேண்டும். ஓரத்தில் ஒரு குத்துவிளக்கும். மாதிரிக்கு வேறு யார் கண்ணைப் பார்ப்பது? கண்ணாடியில் என் கண்ணைத்தான் பார்த்தேன்.

கழுகுமலைக்கார அக்கா ஒருத்தி, சூரத்தில் இருந்த தன் மகனுக்கு அனுப்பப் படம் எடுக்க வந்தது நான் இல்லாத ஒரு நாளில். பிளாஷ் அடித்ததும் கண்ணை மூடிவிட்டாள். அதே ரோலில் முன்னும் பின்னும் இழவு வீட்டுப் படங்கள். அண்ணாச்சி அவசரத்தில் எல்லாவற்றையும் ஒன்றாகப் பிரிண்ட் போட்டு வைத்துவிட்டு வெளியூர் போய்விட்டார். அதுவும் இழவு வீட்டுப் படம் என்றே நினைத்து, நான் யாரிடமும் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தேன், விளக்கும் வரைந்தேன்.

இரண்டு நாள் கழித்து ரசீதோடு ஒரு பெண் வந்தாள். கவரை நீட்டிய நான் சும்மா இருக்கமாட்டாமல், "அவிய எப்பக்கா தவறுனாவ?" என்றேன்.

படத்தைப் பார்த்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "ஏட்டி, நாந்தாம்ட்டி இது."

என் கண்ணை வைத்ததில் அந்த முகம் இவளுடையது என்று எனக்கே தெரியாமல் போயிருக்கிறது.

"கிழிச்சிருதேன்க்கா, வேற எடுக்கச் சொல்லுதேன்" என்று பிடுங்கப் போனேன். அக்கா படத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"கிழிக்கப்படாது. கிழிச்சாத்தான் பயமா இருக்கு. இருந்துட்டுப் போகுது, பின்னால எம்மவனுக்கு ஒரு அலைச்சல் மிச்சம்லா!" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள் நான். ஓர் உயிரை முந்தியே முடித்துவைத்துவிட்டேனோ என்று சோறு இறங்கவில்லை. அது அக்காவுக்குப் புரிந்திருக்க வேண்டும். சந்தைக்கு வரும்போதெல்லாம் ஸ்டூடியோ வாசலில் நின்று, "ஏட்டி, இருக்கேன்ட்டி!" என்று கத்திவிட்டுப் போவாள். அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் அந்த வாரம் எனக்கு விடியும்.

நாலு வருஷம் கேட்டது. பிறகு தொடர்ந்து மூன்று சந்தைக்குக் குரல் இல்லை. கழுகுமலை பஸ் ஏறி, தெருவை விசாரித்துப் போனேன்.

சுவரில், மாலைக்குள், அதே படம். கீழே நிஜ விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. எந்தப் பக்கம் நகர்ந்தாலும் என் கண்கள் என்னையே பார்த்தன. அக்காவின் மகன் என்னையும் படத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "நீங்க அம்மாவுக்குச் சொந்தமா? கண்ணு அப்படியே இருக்கே" என்றான்.

இப்போது என் மகள் போனில் படமெடுக்கிறாள். கண் மூடியிருந்தால் அழித்துவிட்டு வேறு எடுக்கிறாள். நான் இந்தக் கண்ணாடியை எடுக்கும்போதெல்லாம் ஒரு தடவை சிமிட்டிப் பார்க்கிறேன், உள்ளே இருப்பவளும் சிமிட்டுகிறாளா என்று. அந்த நொடியில் என் கண்ணும் மூடியிருப்பதால், இதுவரை அதை நான் பார்த்ததில்லை.