நாற்சந்தியில் வெட்டிய முடி

செம்சா பெற்றது நான்கு, புதைத்தது மூன்று. நான்காவது, ஸயீம், நாற்பது நாள் தாண்டியதும் சியெனிட்சா ஊர்ப் பெண்கள் அவளை விடவில்லை.

"நாற்சந்தியில கொண்டுபோய்ப் போடுடி. முதல்ல வர்றவன் கையால முடி வெட்டட்டும். அப்பத்தான் பிள்ளை தங்கும்."

வெட்டுகிறவனுக்குப் பெயர் 'கும்'. எந்த மதமானாலும் அவன் பிள்ளைக்கு இன்னொரு தகப்பன். அந்த வீட்டோடு அதற்குப் பிறகு பகை கூடாது; இரண்டு வீட்டாரும் ஒருவரையொருவர் 'கும்' என்றே கூப்பிடுவார்கள்.

காலையில் குழந்தையைக் கம்பளியில் சுற்றி நாற்சந்தியில் வைத்துவிட்டு, வேலிக்குப் பின்னால் உட்கார்ந்தாள். வந்தவன் யார் தெரியுமா? மிலிசாவ். அவள் அண்ணன் ஆதிஃபைச் சுட்டுக் கொன்றவன்! துருக்கியர் காலத்து மாவட்டமான பழைய சஞ்சாக் கலைந்து, புது எல்லைக்கோடு ஒன்று பெஷ்டர் மேட்டு மேய்ச்சலை நடுவாக அறுத்துக்கொண்டு போனதே, அந்த வருஷம் அது நடந்தது. உன் புல்லா என் புல்லா என்று வாய்ச்சண்டையில் ஆரம்பித்துத் துப்பாக்கியில் முடிந்தது. அவனோடு ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று அண்ணன் மய்யித்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தவள் இவள்.

ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கிவிடலாம். தூக்கினால்? நாலாவது குழியையும் தோண்ட வேண்டியதுதான். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். அவன் தொப்பியைக் கழற்றிவிட்டு, ஆட்டு ரோமம் வெட்டும் கத்தரியால் ஒரு கொத்து முடி வெட்டினான்.

பிள்ளை தங்கினான். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ஆட்டுச் சந்தையன்று மிலிசாவ் ஒரு மரத்தொட்டி பாலாடைக்கட்டியோடு வந்துவிடுவான். செம்சா காப்பியை வைப்பாள். முகம் சுவர் பக்கம் இருக்கும்.

"ஸயீம் சௌக்கியமா, கும்?" என்று கேட்பான். அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

"நான் ஊமையைக் கட்டிக்கிட்டேன்னு நினைச்சுக்கப்பா," என்று புருஷன் ராமோ சமாளிப்பான். இப்படியே இருபத்தொன்பது வருஷம்! கல்நெஞ்சுக்காரி என்று நான் சொல்ல மாட்டேன். அண்ணனைப் பறிகொடுத்தவளுக்குத்தான் அந்த வலி தெரியும்.

மிலிசாவ் செத்துப்போனான். ஸயீம்தான் அம்மாவை வம்படியாக அந்த வீட்டுக்கு இழுத்துப்போனான். சவப்பெட்டி திறந்திருந்தது. மிலிசாவின் மனைவி ஸ்டானியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பிள்ளைக்கு முடி வெட்டின அன்னிக்கு முதல்ல வந்தது இவர் இல்ல, செம்சா. ஈயம் பூசுறவன் ஒருத்தன். இவருக்கு எப்படியோ சேதி தெரிஞ்சு, மேட்டுலயே அவனை மறிச்சு, கால்ல விழுந்து வேற வழியா அனுப்பிட்டார். 'ஒரு உசுர எடுத்தேன், ஒரு உசுராவது என் கையால தங்கட்டும்'னார்."

"அடப்பாவி! ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லத்தான் வருஷா வருஷம் வந்தார். நீ முகம் குடுத்தாத்தானே?"

செம்சா பெட்டிக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்து, அந்த முகத்தை இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நேரே பார்த்தாள்.

"ஸயீம் சௌக்கியமா இருக்கான், கும்," என்றாள்.