கழுவிய இலை

எழுபதுகளின் நடுவில் நான் தாவரவியல் விரிவுரையாளனாக இருந்தேன், மந்தைவெளியில் குடியிருந்தேன். உவர்நிலத் தாவரங்களைப் பற்றி எங்கள் துறைத்தலைவர் மாணவர்களுக்காக எழுதிய கையேட்டுக்குப் படம் வரையும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஒவ்வொரு படத்தின் கீழும் என் பெயர் அச்சாகும் என்றார். அதுவரை என் கோட்டில் குறை கண்டவர் கல்லூரியில் எவருமில்லை. அந்தப் பெயரைக் காத்துக்கொள்வதைவிடப் பெரிதாக எனக்கு வேறொன்றும் இருக்கவில்லை.

அடையாற்று முகத்துவாரத்தில் கண்டல் மரங்கள் நின்றன. ஆற்றோரக் குடிசையில் வாழ்ந்த நண்டு பிடிப்பவர் ஒருவர், சேற்றில் இறங்கி ஒரு கிளையை ஒடித்துத் தந்தார். வீட்டில், நான் பயின்ற முறைப்படி, ஒவ்வோர் இலையையும் குழாய் நீரில் கழுவி, பஞ்சால் ஒற்றி எடுத்தேன். தூசு படிந்த மாதிரியை வரைவது எங்களிடையே அநாகரிகம். மூன்று நாள் மையில் வரைந்தேன். நரம்புகள் பிசகவில்லை. கரையில் நின்று குறித்துக்கொண்டு வந்த, சேற்றுக்கு மேலே நிமிர்ந்து மூச்சுவிடும் வேர்களும் பிசகவில்லை.

கையேடு அச்சாகி வந்ததும் ஒரு பிரதியை அந்த நண்டு பிடிப்பவரிடம் காட்ட ஆற்றோரம் போனேன். கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார்.

“சோக்கா கீது சார். வேரெல்லாம் அப்டியே கீது. உப்பு எங்க?”

“எந்த உப்பு?”

“இன்னா சார், நீயே இப்டி கேக்குற?” அருகிலிருந்த கிளையை வளைத்தார். வெயிலில் இலைமேல் வெண்பொடி மின்னியது. “நக்கிப் பாரு.”

விரலால் தொட்டு நாவில் வைத்தேன். கரித்தது.

“மரம் குடிக்கிற உப்ப இலைதான் கக்குது. உன் இல இன்னாடான்னா, குளிச்சிட்டு ஃபோட்டோ புடிக்க வந்தா மாரி நிக்குது!”

சிரித்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ‘உப்பை வெளியேற்றும் இலை’ என்றே படத்தின் கீழ் அச்சிடப்பட்டிருந்தது. அந்தத் தகவமைப்பை நானே பலமுறை வகுப்பில் விளக்கியிருக்கிறேன். கண்முன் கிடந்தபோது தூசென்று கழுவிவிட்டேன்.

மறுநாள் துறைத்தலைவர் கேட்டார்: “பிழை ஏதாவது கண்ணுல பட்டுதா? கையேடு இன்னும் வெளியே போகல. திருத்தச் சீட்டு ஒட்டிடலாம்.”

“ஒன்றுமில்லை, சார்.”

அவர் தலையசைத்தார். நான் வகுப்புக்குப் போனேன். அப்போது வெட்கமோ அச்சமோ தோன்றியதாக நினைவில்லை.

அதன்பின் ஆண்டுதோறும் விடைத்தாள்களில் அந்த இலை வந்தது. கழுவிய இலை, என் நரம்புகள், என் நிழற்கோடுகள். ஐந்துக்கு ஐந்து போட்டேன். ஓராண்டு உள்தேர்வில் ஒரு மாணவி மட்டும் இலைமேல் நுண்புள்ளிகள் இட்டு, ‘உப்புப் படிகம்’ என்று குறித்திருந்தாள். புள்ளிகளைச் சிவப்பு மையால் சுழித்து, ‘படத்தில் இல்லாதது’ என்றெழுதி, ஒரு மதிப்பெண் குறைத்தேன்.

தாளோடு என் அறைக்கு வந்தாள்.

“சார், நிஜமாவே இருக்கு சார். அடையாறுல நானே தொட்டுப் பார்த்தேன்.”

“கையேட்டைப் பாரும்மா.”

மேசைமேல் கிடந்த கையேட்டைத் திறந்தாள். படத்தைப் பார்த்தாள், அதன் கீழிருந்த பெயரையும் பார்த்தாள்.

“சரிங்க சார்,” என்றாள்.

அவள் போனதும் அடுத்த தாளை எடுத்தேன். அதிலும் இலை சுத்தமாக இருந்தது. ஐந்து போட்டேன்.